முதல் வருட பயாலஜி செமஸ்டர்: புத்தகத்தை மூடி வைத்துப் படிப்பது எப்படி

முதல் செமஸ்டரில் எனக்கு அரியர் விழுந்தது பயாலஜியில்தான். ப்ளஸ் டூவில் உயிரியலில்தான் அதிக மார்க், அந்தத் தெம்பில்தான் இந்த மேஜரையே எடுத்தேன். ஐந்து யூனிட்டையும் மூன்று தடவை வாசித்திருந்தேன், நோட்டில் பச்சை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று கலரில் கோடு வேறு. ஹாலில் கேள்வித்தாளைப் பிரித்தபோது எல்லாமே எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது, எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரிக்கு மேல் பேனா நகரவில்லை. மியாசிஸ், அதாவது முட்டையும் விந்தும் உண்டாகக் குரோமோசோமைப் பாதியாக்குகிற செல் பிரிவு, அதன் படம் கேட்ட கேள்விக்கு, செல்லை அப்படியே நகலெடுக்கிற மைட்டாசிஸ் படத்தை வரைந்து, கீழே மியாசிஸ் என்று பெயரும் போட்டுவிட்டு வந்தேன். படம் என்னவோ அழகாகத்தான் இருந்தது.

அடுத்த தடவை அதே தாளை எழுதிப் பாஸ் பண்ணியபோது நான் படித்த நேரம் முன்பைவிடக் குறைவு. என்ன வித்தியாசம் என்றால், படிக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் புத்தகம் மூடியே கிடந்தது. இப்போது மதுரைக்கு அடுத்த மேலூர் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குச் சாயங்காலம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களிடம் வாய் வலிக்கச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் கண்ணுக்கு அது பழகிவிடும், பழகியதை மனசு தெரிந்ததாக எண்ணிக்கொள்ளும். ரோடிகர், கார்பிக்கி என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த கூட்டம் முந்திவிட்டது. செமஸ்டர் என்பது ஐந்து நிமிடம் கழித்து வருகிற தேர்வு இல்லையே, ஜூலையில் நடத்திய செல் பாடத்தை நவம்பரில் கேட்பார்கள்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஒரு பக்கம் அச்சான பழைய தாள் ஒரு கட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் வெற்றாக இருந்தால் போதும். ஒரு தலைப்பை, உதாரணமாக செல்லுக்குள் சர்க்கரை உடைகிற முதல் கட்டமான கிளைக்காலிசிஸை, ஒரே ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். மூடுங்கள். மூடியது நிஜமாகவே மூடியிருக்க வேண்டும், விரலை உள்ளே விட்டு வைத்திருப்பது கணக்கில் சேராது. தாளின் தலையில் தலைப்பை எழுதி, இருபது நிமிடம், ஞாபகம் இருப்பதை எல்லாம் நீலப் பேனாவில் கொட்டுங்கள். படம், அம்புக்குறி, அரைகுறை வாக்கியம், எதுவும் ஆகலாம். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்புப் பேனாவில் அதே தாளில் சேருங்கள். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும், அழுகைகூட வரும். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, புதுத் தாளில் மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள். அதற்கப்புறம் மூன்று நாள் விட்டு ஒரு தடவை, ஒரு வாரம் விட்டு ஒரு தடவை. நாலாவது தாளில் சிவப்பு ரெண்டு மூன்று வரிதான் இருக்கும், அந்த ரெண்டு மூன்று வரிதான் உங்களுக்கு ஹாலில் மறக்கப்போவது, அதைத் தனியாக ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்தால் தேர்வுக்கு முந்தின நாள் படிக்க அது ஒன்று போதும்.

இதைத் தொடங்குவதற்கு முன் அரை நாள் கேள்வித்தாளோடு உட்காருங்கள். லைப்ரரியிலோ சீனியரிடமோ ஐந்து வருடத்துத் தாள் கிடைக்கும். நான் எழுதியது 75 மார்க் தாள், மீதி 25 இன்டர்னல். பார்ட் ஏ-யில் யூனிட்டுக்கு இரண்டு வீதம் பத்து ஒரு மார்க் கேள்வி. பார்ட் பி-யில் யூனிட்டுக்கு ஒன்று, ‘இது அல்லது அது’ என்று வரும், தலா 7. பார்ட் சி-யில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து கேள்வி, அதில் மூன்று எழுதினால் போதும், தலா 10. உங்கள் தாள் வேறு மாதிரி இருந்தால் இதே கணக்கை அதற்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு யூனிட்டை மொத்தமாகக் கைகழுவினால் 2-ம் 7-ம் ஒன்பது மார்க் போகும், பார்ட் சி-யில் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டு யூனிட்டைக் கைகழுவினால் 18 போவதோடு பார்ட் சி-யில் சாய்ஸும் போய்விடும், மீதி மூன்றில் ஒன்று இடறினாலும் அங்கேயே முடிந்தது கதை. அதனால் எந்த யூனிட்டையும் பூஜ்யத்தில் விடாதீர்கள். மூன்றை ஆழமாகப் படியுங்கள், இரண்டை ஏழு மார்க் எழுதுகிற அளவுக்குப் படியுங்கள். எந்த மூன்று என்பதைப் பழைய தாள்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ‘எனக்கு ஈகாலஜி பிடிக்கும்’ என்பது காரணமாகாது.

நாள் கணக்கு என்று பார்த்தால் மூன்று வாரம் இருந்தால் நிம்மதி. முதல் வாரம் கஷ்டமான இரண்டு யூனிட், ரெண்டாவது வாரம் மீதி மூன்றும் முதல் இரண்டின் மறு எழுத்தும், மூன்றாவது வாரம் முழுத்தாள். பத்து நாள்தான் இருக்கிறது என்றாலும் இதே வரிசைதான், தலைப்புகளைக் குறையுங்கள், எழுதிப் பார்ப்பதைக் குறைக்காதீர்கள்.

இனி பாடத்துக்கு வருவோம். யூனிட் யூனிட்டாகப் படித்தவர்கள் சறுக்குகிற இடம் யூனிட்டுக்கும் யூனிட்டுக்கும் நடுவில்தான் இருக்கும். மொத்தப் பாடத்திலும் ஓடுகிற சரடு இரண்டுதான், ஒன்று ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறது என்பது, இன்னொன்று தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்பது.

ஆற்றல் பக்கம் எடுத்தால் எல்லாரும் பயப்படுவது ஏ.டி.பி. கணக்கு. ஏ.டி.பி. என்பது செல் செலவழிக்கிற ஆற்றல் நாணயம், ஒரு குளுக்கோஸிலிருந்து அது எத்தனை கிடைக்கும் என்பதுதான் கேள்வி. ஒரு நோட்டில் 38, இன்னொன்றில் 36, புது டெக்ஸ்ட்புக்கில் 30 முதல் 32, எதை எழுதுவது என்று கேட்பார்கள். எண்ணை மனப்பாடம் பண்ணாமல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். ஒரு குளுக்கோஸுக்கு கிளைக்காலிசிஸில் நிகர லாபம் 2 ஏ.டி.பி., கூடவே எலெக்ட்ரானைச் சுமந்துபோகிற 2 என்.ஏ.டி.எச். பைருவேட் அசிட்டைல் கோஏ ஆகும்போது 2 என்.ஏ.டி.எச். கிரப்ஸ் சுழற்சியில் 6 என்.ஏ.டி.எச்., அதே மாதிரிச் சுமக்கிற 2 எஃப்.ஏ.டி.எச்.2, 2 ஏ.டி.பி. ஆக என்.ஏ.டி.எச். 10, எஃப்.ஏ.டி.எச்.2 இரண்டு, கையில் நேராக வந்த ஏ.டி.பி. 4. பழைய கணக்குப்படி ஒரு என்.ஏ.டி.எச்.சுக்கு 3 ஏ.டி.பி., எஃப்.ஏ.டி.எச்.2-வுக்கு 2 என்று போட்டால் 30-ம் 4-ம் 34, அதோடு 4 சேர்த்தால் 38. புதுக் கணக்குப்படி 2.5-ம் 1.5-ம் போட்டால் 25-ம் 3-ம் 28, அதோடு 4 சேர்த்தால் 32. கிளைக்காலிசிஸ் நடப்பது சைட்டோபிளாசத்தில், அங்கே உண்டான இரண்டு என்.ஏ.டி.எச். நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய முடியாது, எலெக்ட்ரானை மட்டும் வேறொன்றிடம் கைமாற்றி விடும், அந்தக் கைமாற்றலில் சில செல்களில் கொஞ்சம் நஷ்டம், அதனால்தான் 36-ம் 30-ம். உங்கள் வகுப்பில் எந்த எண்ணை நடத்தினார்களோ அதை எழுதுங்கள், ஆனால் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள், எந்தத் திருத்துபவர் கையில் விழுந்தாலும் மார்க் நிற்கும்.

அதோடு ஒளிச்சேர்க்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டு சவ்வுக்கும் நடுவிலுள்ள இடத்தில் ஹைட்ரஜன் அயனிகள் நெருக்கியடித்து நிற்கின்றன, ஏ.டி.பி. சிந்தேஸ் வழியாக உள்ளே மேட்ரிக்ஸுக்குப் பாய்கின்றன, அந்தப் பாய்ச்சலில் ஏ.டி.பி. உண்டாகிறது. பசுங்கணிகத்தில் அதே கதை, தைலகாய்டின் உள்ளறையிலிருந்து ஸ்ட்ரோமாவுக்கு. மதகைத் திறந்ததும் கண்மாய்த் தண்ணீர் பாய்வது மாதிரிதான் இரண்டும். இரண்டு படத்தையும் ஒரே தாளில் இடமும் வலமுமாக ஒரு தடவை வரைந்துவிட்டால், ‘ஒப்பிடுக’ என்று வருகிற கேள்விக்கு முக்கால்வாசி விடை ரெடி.

செடிகள் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிற மூன்று வழிகளான சி3, சி4, சி.ஏ.எம். மூன்றும் குழம்புகிறவர்கள் மேலூர்ப் பக்கம் ஒரு நடை வந்தால் போதும். பெரியாறு பாசன வாய்க்கால் ஓரம் நெல்லும் பொங்கல் கரும்பும் அடுத்தடுத்த வயலில் நிற்கும், பாறை ஓரம் சப்பாத்திக்கள்ளி முளைத்திருக்கும். நெல் சி3, வெயில் ஏற ஏற அதன் ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும். கரும்பு சி4, வேறொரு நொதியை வைத்து முதலில் நாலு கார்பன் பொருளாகப் பிடித்து, உள்ளே இலை நரம்பைச் சுற்றியுள்ள பண்டில் ஷீத் செல்லுக்குக் கொண்டுபோய் ரூபிஸ்கோவுக்குத் தனியாக ஊட்டும், அதாவது வேலையை இடத்தால் பிரிக்கிறது. கள்ளி ராத்திரியில் இலைத்துளை திறந்து வாங்கி வைத்துக்கொண்டு பகலில் மூடிவிடும், அது வேலையை நேரத்தால் பிரிக்கிறது. கள்ளிக்கு ஏது இலை, தண்டில்தான் துளை என்று யாராவது திருத்த வருவார்கள், அவர்கள் சொல்வது சரிதான், தேர்வில் ஸ்டொமேட்டா என்றே எழுதிவிடுங்கள்.

இந்த மாதிரி வீட்டுப் பக்கத்து உதாரணம் ஒன்றாவது யூனிட்டுக்கு இருக்கட்டும். சவ்வூடு பரவலுக்கு மாவடு இருக்கவே இருக்கிறது: உப்பில் போட்ட ரெண்டாம் நாள் காய் சுருங்கி ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும், வெளியே உப்பு அடர்த்தி கூடுதல், உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறிவிட்டது. நொதித்தலுக்கு இட்லி மாவு. ஆனால் எல்லாரும் ஈஸ்ட் என்று எழுதி வைக்கிறார்கள், அதில் முக்கிய வேலை பார்ப்பது லியூக்கோனோஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியா, புளிப்பும் அதுதான், மாவு பொங்க வைக்கிற கார்பன் டை ஆக்சைடும் பெரும்பாலும் அதுதான். மைட்டாசிஸால் நகலெடுப்பதற்கு மதுரை மல்லி: விதை போட்டு வளர்ப்பதில்லை, குச்சியை ஒடித்து ஊன்றி வளர்ப்பதால் ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்ததெல்லாம் ஒரே மரபணுதான்.

மல்லி என்றதும் மியாசிஸ் ஞாபகம் வருகிறது, எனக்கு அரியர் வாங்கிக் கொடுத்த ஆசாமி. அது எனக்குப் புரிந்தது கல்லூரியில் இல்லை, எங்கள் வீட்டுத் திண்ணையில். அப்பத்தா பூக்கட்டிக்கொண்டிருந்தார். யாருக்காவது சொல்லிப் பார்த்தால்தான் தெரியும் என்று, மல்லிச் சரம் இரண்டு, கனகாம்பரச் சரம் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம் கேட்டு வாங்கினேன். இரண்டு மல்லிச் சரத்தையும் நடுவில் நாரால் ஒரு முடிச்சுப் போட்டேன், அது அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோம், நகலெடுத்த பிறகு. கனகாம்பரத்துக்கும் அதே மாதிரி, அது அம்மாவிடமிருந்து வந்தது. முடிச்சுதான் சென்ட்ரோமியர். இரண்டு ஜோடியையும் ஒட்டிப் படுக்க வைத்து, பக்கத்துப் பக்கத்துச் சரங்களின் நுனியைக் கிள்ளி மாற்றிக் கட்டினேன், அது கிராஸிங் ஓவர். முதல் பிரிவில் முடிச்சு அவிழாமல் மல்லி ஜோடி ஒரு பக்கம், கனகாம்பர ஜோடி ஒரு பக்கம். இரண்டாம் பிரிவில்தான் முடிச்சு அவிழும். கடைசியில் தரையில் நாலு சரம், ஒன்று முழு மல்லி, ஒன்று கனகாம்பர வால் வைத்த மல்லி, ஒன்று மல்லி வால் வைத்த கனகாம்பரம், ஒன்று முழுக் கனகாம்பரம். நாலும் நாலு விதம். அதனால்தான் அப்பத்தா, ஒரே அப்பன் ஆத்தாளுக்குப் பிறந்ததில் ஒன்று உன்னை மாதிரி இருக்கிறது, ஒன்று யாரை மாதிரியும் இல்லை என்றேன்.

அப்பத்தா சரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏத்தா, பாதிதான் பிள்ளைக்குப் போகும்ங்கிற. அப்ப முட்டையில மிச்சப் பாதி எங்க போகும்?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. மூன்று தடவை வாசித்த பாடம். உள்ளே போய் நோட்டை எடுத்துப் பார்த்தால் போலார் பாடி என்று ரோஸ் கலரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: பெண்ணில் முதல் பிரிவிலேயே ஒரு பாதி போலார் பாடி என்ற சின்னஞ்சிறு செல்லாகக் கழிந்துவிடும், சைட்டோபிளாசம் முழுவதையும் முட்டையே வைத்துக்கொள்ளும். ஆணில் அப்படி வீணாவதில்லை, நாலும் விந்தணு ஆகும். இந்த ஒன்று நான் இன்றுவரை மறக்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டிலும் பயாலஜி படிக்காத ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லுங்கள், படித்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். படிக்காதவர்கள் கேட்கிற கேள்வி நேராக ஓட்டையில் போய் நிற்கும்.

குரோமோசோம் எண்ணிக்கைக் கேள்வி பார்ட் ஏ-யில் அடிக்கடி வரும். பிராக்டிகலில் நசுக்கிப் பார்த்த வெங்காய வேர்நுனியையே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு 16. நகலெடுத்த பிறகும் குரோமோசோம் 16-தான், குரோமாட்டிட் என்கிற நகல் இழை 32. அனாஃபேஸ் என்ற கட்டத்தில் சென்ட்ரோமியர் பிரிந்ததும் ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோம், அந்த நேரத்துக்கு மட்டும் செல்லுக்குள் 32. சென்ட்ரோமியரை எண்ணினால் குரோமோசோம் எண்ணிக்கை கிடைக்கும், இந்த ஒரு வழி தெரிந்தால் போதும். மகரந்தத்தில் 8.

இங்கே ஜெராக்ஸ் நோட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பேட்ச்சில் சுற்றிய நோட்ஸ் எந்தக் காலத்துச் சீனியர் எழுதியதோ, நகலின் நகலின் நகல், ஓரமெல்லாம் கருப்பு. அதில் மியாசிஸின் முதல் கட்டமான புரோஃபேஸ் ஒன்று பகுதியில் ஒரு வரி மெஷினில் மாட்டாமல் விட்டுப்போய், கிராஸிங் ஓவர் ஸைகோட்டீனில் நடக்கிறது என்று ஆகிவிட்டிருந்தது. எழுதிய அத்தனை பேரும் அப்படியே எழுதினோம். ஸைகோட்டீனில் குரோமோசோம்கள் ஜோடி சேரும், பாக்கிட்டீனில்தான் கிராஸிங் ஓவர், டிப்ளோட்டீனில் மாற்றிக்கொண்ட இடமான கயாஸ்மா கண்ணுக்குத் தெரியும். நகலெடுக்கும்போது ஒரு எழுத்து விட்டுப்போய் அது தலைமுறை தலைமுறையாக இறங்குவதற்கு மியூட்டேஷன் என்று பெயர், அதை நோட்ஸே செய்து காட்டியது. ஜெராக்ஸ் வைத்துப் படிப்பது தப்பில்லை, ஒவ்வொரு யூனிட்டையும் ஒரு தடவை டெக்ஸ்ட்புக்கோடு ஒத்துப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

தகவல் சரடுக்கு ஒரே ஒரு உதாரணத்தை உயிரைக் கொடுத்துப் படித்து வையுங்கள்: அரிவாள் செல் சோகை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான ஜீனில் ஒரே எழுத்து மாறுகிறது, ஜி.ஏ.ஜி. என்பது ஜி.டி.ஜி. ஆகிறது, அதனால் புரதத்தில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காருகிறது. வாலினுக்குத் தண்ணீர் ஒட்டாது, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாராக நீள்கின்றன, சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்குழாயில் சிக்குகிறது. இதுவரை சொன்னதில் டி.என்.ஏ., புரதம், செல் மூன்றும் வந்துவிட்டன. இரண்டு பிரதியும் மாறியிருந்தால் நோய், ஒன்று மட்டும் மாறியிருந்தால் நோயில்லாமல் ஜீனைச் சுமக்கிற கேரியர், இது மெண்டல். கேரியர்களுக்கு மலேரியாவின் கடுமை குறைவு, ஆகவே மலேரியா அதிகமுள்ள ஊர்களில் இந்த ஜீன் அழியாமல் நிற்கிறது, இது பரிணாமம். இந்தியாவில் இதை முதலில் கண்டு சொன்னது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. மியூட்டேஷன் கேட்டாலும், புள்ளி மாற்றம் கேட்டாலும், இயற்கைத் தேர்வு கேட்டாலும், புரத அமைப்பு கேட்டாலும் இந்த ஒரு உதாரணம் உட்காரும்.

ஒரு மக்கள் கூட்டத்தில் ஒரு ஜீனின் இரண்டு வடிவமும் எவ்வளவு என்று பார்க்கிற ஹார்டி-வெயின்பெர்க் கணக்கும் இதிலேயே போடலாம். மாறிய ஜீனின் பங்கு க்யூ, மாறாததன் பங்கு பி. பயிற்சிக்காக நூற்றில் ஒருவருக்கு நோய் என்று வையுங்கள். நோயுள்ளவர்கள்தான் க்யூ ஸ்கொயர், அது 0.01, ஆக க்யூ 0.1, பி 0.9. கேரியர் என்பது இரண்டு பி க்யூ, இரண்டு பெருக்கல் 0.9 பெருக்கல் 0.1, அதாவது 0.18. நூற்றில் ஒருவருக்கு நோய் இருக்கும் இடத்தில் பதினெட்டுப் பேர் கேரியர். எப்போதும் க்யூ ஸ்கொயரில் தொடங்குங்கள், ஏனென்றால் கண்ணால் பார்த்து எண்ண முடிவது ஒடுங்கு பண்பு உள்ளவர்களைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து பி-யில் தொடங்குகிறவர்கள்தான் தப்புச் செய்வார்கள். கடைசியில், இயற்கைத் தேர்வு நடக்கிற இடத்தில் இந்தச் சமநிலையின் நிபந்தனை உடைந்துவிடும் என்று ஒரு வரி சேர்த்தால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஈகாலஜி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆற்றல் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போகிறது என்ற லிண்டமேன் விதி, 1942, அப்புறம் உணவு வலை, வழிமுறை வளர்ச்சி (சக்சஷன்), எல்லாம் படத்தோடு ஒரு தடவை. உதாரணத்துக்கு வெளியே தேடவே வேண்டாம்: கழிவுநீர் சேர்கிற கண்மாயை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, சீமைக்கருவேலமும் அந்தப் பக்கத்துச் சரக்குதான், இரண்டையும் அயல் ஊடுருவல் இனத்துக்கு எழுதலாம். பல்லுயிர்ப் பாதுகாப்புக்கு அரிட்டாபட்டி, 2022-இல் அறிவித்த தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமேசான் காட்டை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், நானும் அந்தக் கூட்டம்தான். உங்களுக்குப் பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. இழைமணி என்று படித்ததை மைட்டோகாண்ட்ரியா என்கிறார்கள், குன்றல் பகுப்பு மியாசிஸ் ஆகிறது, படியெடுத்தல் ட்ரான்ஸ்கிரிப்ஷன் ஆகிறது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பள்ளியில் படித்த சொல், கல்லூரிச் சொல், நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். மூன்றாவது பத்தி இல்லாமல் முதல் இரண்டால் பிரயோஜனம் இல்லை, ஹாலில் சொல்லை யாரும் கேட்பதில்லை, வாக்கியத்தைத்தான் கேட்கிறார்கள். முதலில் தமிழில் புரிந்துகொண்டு அப்புறம் ஆங்கிலத்தில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தமிழிலேயே தேர்வு எழுதலாமா என்று உங்கள் துறையில் ஒரு தடவை கேட்டும் பாருங்கள். சொற்களை உடைத்துப் பார்ப்பதும் உதவும், லைசிஸ் என்று முடிந்தால் ஏதோ உடைகிறது, கிளைக்காலிசிஸில் சர்க்கரை, ஹைட்ராலிசிஸில் தண்ணீரால். அப்புறம் மைட்டாசிஸுக்கும் மியாசிஸுக்கும் ஆங்கிலத்தில் நடுவில் ரெண்டு எழுத்துதான் வித்தியாசம், கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் திருத்துகிறவர் உங்களுக்குச் சாதகமாக வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பஸ்ஸில் வருகிறவர்கள் அந்த நேரத்தை விடாதீர்கள். மேலூரில் ஏறினால் மதுரை மாட்டுத்தாவணி வர கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். நின்றுகொண்டு வந்தால் நோட்டைத் திறக்க முடியாது, அதுதான் நல்லது. நரசிங்கம்பட்டி வருவதற்குள் கிளைக்காலிசிஸின் பத்துப் படியும் மனசுக்குள் ஓட வேண்டும், ஒத்தக்கடையில் யானைமலை ஜன்னலை நிறைக்கும்போது கிரப்ஸ் முடிந்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு. எங்கே சிக்குகிறதோ அந்த ஸ்டாப்பின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு, இறங்கியதும் அதை மட்டும் பார்ப்பேன். வீட்டில் உட்கார இடமில்லாதவர்களுக்குப் புது நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. இரண்டு பேராகப் போங்கள், நாலு பேராகப் போனால் ஜிகர்தண்டாவில்தான் முடியும்.

கடைசி வாரத்தில் மூன்று முழுத்தாள், கடிகாரம் வைத்து, மூன்று மணி நேரம், நிஜமாகவே எழுதுங்கள். கை வலிக்கும், அந்த வலியும் பழக வேண்டியதுதான். செல் படம், மைட்டோகாண்ட்ரியா, மியாசிஸ் கட்டங்கள், டி.என்.ஏ. நகலாக்கக் கவை (ரெப்ளிகேஷன் ஃபோர்க்), இந்த நாலையும் பென்சிலில், பாகங்களின் பெயரை ஒரே பக்கமாக எழுதி, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள் வரைய வர வேண்டும். ஏப்ரல் செமஸ்டர் என்றால் சித்திரைத் திருவிழா குறுக்கே வரும், தெருவுக்குத் தெரு குழாய் ரேடியோ, வீட்டில் சொந்தக்காரர்கள், அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் கோரிப்பாளையம் பக்கம் பஸ் நேராகப் போகாது. அழகரைப் பார்க்காமல் இருக்கச் சொல்ல மாட்டேன், அந்த இரண்டு நாளை முதலிலேயே கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள், ஒரு தாள்கூட அன்றைக்கு வைக்காதீர்கள். முந்தின ராத்திரி சின்னத் தாளைப் பார்த்துவிட்டுப் பத்தரைக்குப் படுத்துவிடுங்கள், விடிய விடியப் படித்தால் படித்ததை நிலைநிறுத்த மூளைக்கு வேண்டிய தூக்கமும் போய்விடும்.

ஹாலில் 75 மார்க்குக்கு 180 நிமிடம். பார்ட் ஏ-வுக்குக் கால் மணி, பார்ட் பி ஒவ்வொன்றுக்கும் கால் மணி, பார்ட் சி ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு நிமிடம், கூட்டினால் 156, மிச்சம் 24 நிமிடம் உங்கள் கையில். தெரிந்த பத்து மார்க் கேள்வியை அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், பத்துக்குப் பதினொன்று யாரும் போட மாட்டார்கள். மியாசிஸ் வந்தால் வரைவதற்கு முன் ஒரு தடவை சென்ட்ரோமியரை எண்ணிக்கொள்ளுங்கள். அடிஷனல் ஷீட் வாங்கினால் நூலை இறுக்கிக் கட்டுங்கள், நம்பர் போடுங்கள்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் நிற்கும், வெங்காயத்துக்கு எத்தனை குரோமோசோம் என்று ஒருவர் கேட்பார், நாலு பேர் நாலு எண் சொல்வார்கள். நிற்காமல் பஸ் ஏறிவிடுங்கள், நாளை மறுநாள் கெமிஸ்ட்ரி.